மலைப்பாதையில் எதிரே வருகிற விளக்குகள்

எதிரே வருகிற வண்டியின் விளக்கு கண்ணைக் கூசவைத்தால் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டு என்று ஓட்டுநர் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். சொன்ன ஆள் பாலிக் புலாவ் மலைப்பாதையில் மழை நாளில் வண்டி ஓட்டியிருக்க மாட்டார். அங்கே சில வளைவுகளில் கோடே கிடையாது. இருக்கிற இடத்திலும் சருகு விழுந்து மூடியிருக்கும். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்தால் வாய்க்கால் இருக்கும்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பத்தெட்டு வயதில். ஆசைப்பட்டுக் கற்கவில்லை. என் கணவர் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். விடிவதற்கு முன்பே போய் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, மாலையில் கொண்டுபோய் வீட்டுவாசலில் இறக்கிவிடுவார். வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும் என்பது அவர் கட்சி. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவதில் என்ன குறை? பிறகு சர்க்கரை நோய் முதலில் அவர் கண்ணில் கை வைத்தது, அப்புறம் சிறுநீரகத்தில். இப்போது எதிரே ஆள் நிற்பது அவருக்குத் தெரியும், யார் என்று தெரியாது. கார் சாவி என் கைக்கு வந்தது.

நாங்கள் இருப்பது தீவின் பட்டணப் பக்கத்தில், சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடியில். சுற்றுவட்டாரத்தில் டயாலிசிஸ் மையங்கள் இருக்கின்றன, எதிலும் இடம் இல்லை. கிடைத்தது தீவின் அந்தப் பக்கம், மலையைத் தாண்டி, பாலிக் புலாவில். அதுவும் பிற்பகல் முறை. செவ்வாய், வியாழன், சனி. படுக்கை காலியானால் கூப்பிடுகிறோம் என்று பட்டணத்து மையத்தில் சொல்லியிருந்தார்கள். அந்தப் படுக்கை எப்படிக் காலியாகும் என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தேன். அதன் பிறகு தொலைபேசி மணி அடித்தால் சந்தோஷப்படவும் கூச்சமாக இருந்தது.

காலையில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் எனக்கு வேலை. அதை முடித்துவிட்டு வந்து, அவருக்குச் சாப்பாடு கொடுத்து, காரில் ஏற்றிக்கொண்டு கிளம்புவேன். போகும்போது ஒரு குறையும் இல்லை. பகல் வெளிச்சம், இரண்டு பக்கமும் மரங்கள், ஜாதிக்காய்த் தோட்டம், வளைவுகளில் நாய்கள் படுத்துக் கிடக்கும். அவரை மெஷினில் போட்ட பிறகு நான் சந்தையைச் சுற்றிவிட்டு வந்து வெளியே பெஞ்சில் உட்காருவேன். ஊசியைப் பிடுங்கி, கட்டுப் போட்டு, ரத்த அழுத்தம் பார்த்து அனுப்பும்போது சூரியன் கடலில் இறங்கியிருக்கும். அந்தப் பக்கத்து மக்கள் வீட்டுக்குள் போய்க் குளித்துவிட்டுச் சாப்பிட உட்காருகிற நேரத்தில் நாங்கள் மலை ஏறுவோம்.

அப்போதுதான் விளக்குகள் வரத் தொடங்கும்.

முன்பெல்லாம் வண்டி விளக்கு மஞ்சளாக இருக்கும். வருகிறவன் ஒரு மனுஷன் என்று அதைப் பார்த்தாலே தெரியும். இப்போது வருவது வெல்டிங் பட்டறை. பால் வெள்ளையில் ஒரு நீலம் கலந்து, வளைவில் திரும்பும்போதே முகத்தில் அறைகிறது. அதிலும் உயரமான பிக்கப் வண்டிகள் இருக்கின்றனவே, அவற்றின் விளக்கு சரியாக என் கண் மட்டத்துக்கு வரும். போதாததற்கு மேலே கூரையில் ஒரு வரிசை. டுரியான் காலத்தில் பட்டணத்து ஜனங்கள் எல்லாரும் பாலிக் புலாவுக்குப் படையெடுப்பார்கள். பழம் தின்பதற்குப் போகிறவனுக்கு எதற்கு அத்தனை விளக்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பழம் என்ன ஓடியா போகப் போகிறது?

முன்னால் வருவது ஒன்று, பின்னால் வருவது இன்னொன்று. பின்னால் வருகிறவன் நான் மெதுவாகப் போவதைப் பொறுக்காமல் ஒட்டிக்கொண்டே வருவான். அவன் வெளிச்சம் நடுக்கண்ணாடியில் விழுந்து அங்கிருந்து என் முகத்துக்கு வரும். கண்ணாடியைச் சாய்த்துவைத்தால் பக்கக் கண்ணாடி வழியாக வரும். இடதுபக்கம் வாய்க்கால், வலதுபக்கம் எதிர்வண்டி, நிறுத்த ஓரம் கிடையாது, பக்கத்தில் ரத்தம் சுத்தமாகி வெளுத்துப்போய் உட்கார்ந்திருக்கிற மனுஷன். மலைப்பாதையில் ஏறிவிட்டால் இறங்கித்தான் ஆகவேண்டும். நடுவில் எனக்கு முடியவில்லை என்று சொல்லிக் கையை உதற இடமே இல்லை.

பெரிய வெளிச்சம் வந்தால் நான் மூச்சை உள்ளே இழுப்பேனாம். எனக்கே தெரியாது, அவர்தான் சொன்னார்.

"என்ன?" என்று கேட்பார்.

"ஒன்னுமில்ல. லைட்டு."

"எனக்கு அந்த லைட்டுதான் தெரியுது. மத்தது எல்லாம் இருட்டு. நல்லா வெளிச்சமாத்தானே வர்றான், உனக்கு என்ன கஷ்டம்?"

கோபத்தில் ஸ்டியரிங்கைக் கடித்துவிடலாம் போல இருக்கும். ஆனால் அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. இரவில் அவருக்கு மிஞ்சியிருந்த காட்சி அது ஒன்றுதான். ஒவ்வொரு வண்டி வரும்போதும் முகத்தைத் திருப்பி அது போகிறவரை பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்கு எது எமனோ அது அவருக்கு வேடிக்கை.

மாதங்கள் போகப் போக நிலைமை மோசமானது. முதலில் விளக்குகள் மட்டும்தான் கூசின. பிறகு ஒரு விளக்கு வந்தாலே முன்னால் வெள்ளைச் சேலையை விரித்துப் பிடித்தது போல ஆகிவிடும். சாலை, கோடு, வாய்க்கால் எதுவும் அதில் இருக்காது. மோட்டார் சைக்கிள் ஒன்று எதிரே வந்தால்கூட அப்படித்தான். வண்டி கடந்து போன பிறகும் கொஞ்ச நேரம் ஒன்றும் பிடிபடாது. அந்தக் கொஞ்ச நேரத்தில் கார் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. அது தானாகச் சாலையில் இருந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

வொர்க்‌ஷாப்பில் கேட்டுப் பார்த்தேன். அங்கே இருந்தவர் என் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, உங்க பல்பு ரொம்ப மங்கல் லா. வெள்ளை எல்.இ.டி. போட்டுருங்க. அவன் அடிச்சா நீங்களும் அடிக்கலாம்."

"நானும் அடிச்சா எதிர்ல வர்றவனுக்கு எப்படி ரோடு தெரியும்?"

"அது அவன் பாடு லா அக்கா."

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பெருந்தன்மை என்று நினைக்கவேண்டாம். எதிரே வருகிறவனும் என்னைப் போல ஒன்றும் தெரியாமல் திணறினால் இரண்டு பேருமாகச் சேர்ந்து வாய்க்காலில் கிடப்போம் என்ற பயம்தான்.

ஆக, கோளாறு என் கண்ணில்தான் என்று முடிவுக்கு வந்தேன். கண் மருத்துவரிடம் மட்டும் போகவில்லை. போனால் சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு தெரிந்தே ஓட்டுகிறவள் ஆகிவிடுவேன். ஓட்டாமல் இருக்கவும் முடியாது. வாடகைக் கார் போகும்போது வந்துவிடும், மாலையில் அந்தப் பக்கமிருந்து திரும்ப ஒருவனும் எளிதில் வரமாட்டான். எங்கள் மகன் சிங்கப்பூரில். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருநாள் உதவுவார்கள், வாரத்தில் மூன்று நாள் யார் செய்வார்கள்?

அவரிடமும் சொல்ல முடியாது. பாலிக் புலாவில் இடம் கிடைத்தபோதே அவர் சொல்லியிருந்தார். "உன்னால முடியலன்னா சொல்லிரு. நான் நிறுத்திக்கிறேன்."

"எத நிறுத்துவீங்க? காடி ஓட்டுறதையா?" என்று கேலியாகக் கேட்டேன்.

"அதான் எப்பவோ நிறுத்தியாச்சே. மெஷின."

அவர் குரலை உயர்த்தவில்லை. டீ வேண்டாம் என்று சொல்வது போலச் சொன்னார். மெஷினை நிறுத்தினால் எத்தனை நாள் தாங்கும் என்று அந்த மையத்தில் வந்து போகிற எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கண் தெரியவில்லை என்று சொன்னால் அவர் மறு கேள்வி கேட்காமல் நிறுத்திவிடுவார். அப்படிப்பட்ட ஆள்.

இந்த இடத்தில் சாம்பிராணியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

கார் வாங்கியபோது கோயிலுக்குக் கொண்டுபோய், விளக்குகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் வீட்டுக்கு எடுத்து வந்தோம். எல்லாரும் செய்வதுதான். ஆனால் என் கணவர் அதோடு விடுகிறவர் இல்லை. பஸ் ஓட்டிய காலத்திலேயே வெள்ளிக்கிழமை தவறாமல் பஸ்ஸுக்குள் சாம்பிராணி போடுவார். பெண்கள் ஏறுகிற வண்டி, யார் கண் எப்படியோ என்பார். கார் வந்த பிறகு காருக்கும் அதே மரியாதை. பட்டணத்துக் கடைகளில் கப் சாம்பிராணி கிடைக்கிறது. அதைச் சின்ன எவர்சில்வர் தட்டில் வைத்துக் கொளுத்தி, ஸ்டியரிங்குக்கு முன்னால் பிள்ளையார் பக்கத்தில் வைத்துவிட்டு, கண்ணாடிகளையும் கதவுகளையும் இறுக்கிச் சாத்திவிடுவார். புகை வெளியே போகக்கூடாது, உள்ளேயே நிற்கவேண்டும், அப்போதுதான் பலன். பக்கத்துக் கார்க்காரர் ஒருமுறை தீப்பிடித்துவிட்டது என்று வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார்.

கண் போன பிறகு மற்ற வேலையெல்லாம் அவர் கையை விட்டுப் போனது. இது மட்டும் போகவில்லை. தடவித் தடவியே செய்வார். நான் அடுப்பை அணைத்து, போர்வையும் ஃபிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு கீழே வருவதற்குள் அவர் என்னிடம் சாவியை வாங்கிக்கொண்டு முன்னதாக லிஃப்டில் இறங்கிப்போய்க் காருக்குப் பக்கத்தில் நிற்பார். நான் கதவைத் திறந்தால் புகை மேகமாக வெளியே வரும். இருமிக்கொண்டே ஏறி உட்காருவேன், திட்டிக்கொண்டே வண்டியை எடுப்பேன். முன்பு வெள்ளிக்கிழமை மட்டும் இருந்தது பிறகு எப்போது செவ்வாய், வியாழன், சனி என்று ஆனது என்பதை நான் கவனிக்கவில்லை. வயது ஏற ஏறப் பக்தி முற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. டுரியான் காலம், மழை, சனிக்கிழமை மாலை. மூன்றும் சேர்ந்தால் அந்தப் பாதை எப்படி இருக்கும் என்று ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். மேலே ஏறும் வண்டிகளும் கீழே இறங்கும் வண்டிகளும் ஒரே கோடாக ஊர்ந்தன. எனக்குப் பின்னால் ஒரு பிக்கப். முன்னால் வளைவுக்கு ஒரு விளக்கு. முன்கண்ணாடி உள்ளே பனி பிடித்து மூடிக்கொண்டு வந்தது. வெளியே வைப்பர் அடித்துக்கொண்டிருந்தது, உள்ளே என் கைக்குட்டை எங்கே போனது என்று தெரியவில்லை. முதுகு வியர்த்து இருக்கையோடு ஒட்டியது. கடவுளே, இன்றைக்கு இவரை நான்தான் கொல்லப்போகிறேன் என்று நிஜமாகவே நினைத்தேன்.

"கண்ணாடி மூடிருச்சா?" என்றார். பஸ் ஓட்டியவருக்கு மழைச் சத்தம் போதும்.

"கொஞ்சம்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, முன்னால் குனிந்து, தன் பக்கத்துக் கண்ணாடியை அழுத்தித் துடைத்தார். அவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பழைய கை, சும்மா இருக்காது. வட்டமாக ஓர் இடம் துடைபட்டது. அவ்வளவுதான் எட்டியது.

அந்த நேரத்தில் வளைவில் ஒரு லோரி திரும்பியது. என் முன்னால் வழக்கமான வெள்ளைச் சேலை விரிந்தது. நான் தலையைத் திருப்பி வெளிச்சத்திலிருந்து தப்பிக்கப் பார்த்தபோது அவர் துடைத்த வட்டம் கண்ணில் பட்டது. அதற்குள் இரண்டு விளக்குகள் இருந்தன. இரண்டே விளக்குகள், தனித்தனியாக. அவற்றுக்குப் பக்கத்தில் சாலையின் ஈரம், வெள்ளைக் கோடு, வாய்க்காலின் சிமெண்டு விளிம்பு, ஒரு மரத்தின் வேர். எல்லாம் இருந்தது.

நான் சாய்ந்து அந்த வட்டத்தின் வழியாகவே பார்த்து ஓட்டினேன். தலை ஏறக்குறைய அவர் தோளில் இடித்தது.

"என்னம்மா, தூக்கமா?" என்றார் பதறிப்போய்.

"சும்மா இருங்க."

அடைத்துக் கிடந்த ஒரு பழக்கடைக்கு முன்னால் காரைத் திருப்பி நிறுத்துவதற்கு இடம் கிடைத்தது. பின்னால் வந்தவன் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டுப் போனான். அவரிடமிருந்து துண்டை வாங்கி என் பக்கத்துக் கண்ணாடியை மேலிருந்து கீழ்வரை துடைத்தேன். முதல் இழுப்பில் பனி போனது. அடுத்த இழுப்பில் துண்டு பழுப்பானது. திருப்பிப் போட்டுத் துடைத்தேன், அந்தப் பக்கமும் பழுப்பு. பிசுபிசுவென்று இருந்தது. மூக்கில் வைத்துப் பார்க்கவே தேவையில்லை, கார் முழுக்கச் சாம்பிராணி வாசம் எழுந்தது.

வெளியே எத்தனையோ முறை கழுவியிருக்கிறேன். உள்ளே துடைக்க எனக்குத் தோன்றவில்லை. பகலில் அந்தப் படலம் கண்ணுக்குத் தெரியாது. எதிரே விளக்கு வந்தால்தான் அது எரியும்.

எனக்குக் கண் தெரிகிறது என்று முதலில் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். கோபம்தான் வந்தது. இத்தனை மாதம் செத்துச் செத்துப் பிழைத்தது எல்லாம் ஒரு கப் சாம்பிராணிக்காகவா என்று ஆத்திரம் பொங்கியது.

"உள்ள புகைய போட்டு அடைச்சு வச்சா கண்ணாடியில ஒட்டாம எங்க போகும்? ஒரு வருஷமா எனக்கு முன்னால ஒன்னும் தெரியல. கண்ணு போச்சுன்னு நெனச்சேன். ரெண்டு பேரும் செத்திருப்போம், தெரியுமா?"

மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் விடவில்லை. "வெள்ளிக்கிழமை மட்டும்தானே போட்டுக்கிட்டிருந்தீங்க? யாரு உங்கள தினமும் போடச் சொன்னது?"

"நீதான்," என்றார்.

"நானா?"

"லைட்டு வந்தா மூச்ச இழுக்கிற. முன்ன அப்படி கெடையாது. நான் பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே வர்றேன். யாரு கண்ணு பட்டுச்சோ, பயந்து பயந்து ஓட்டுறாளேன்னு வாரத்துல ஒரு நாள் போட்டத ரெண்டு நாள் போட்டேன். அப்பவும் நீ இழுத்த. அப்புறம் போறப்பெல்லாம் போட்டேன். என்னால ஓட்ட முடியல. வேற என்னதான் செய்யறது, சொல்லு."

நான் பயந்தேன், அதனால் அவர் புகை போட்டார். அவர் போட்டார், அதனால் நான் இன்னும் பயந்தேன். இரண்டு பேரும் ஒரே காருக்குள் தோளோடு தோள் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் குருடாக்கிக்கொண்டு வந்திருக்கிறோம். துண்டை அவர் மடியில் போட்டுவிட்டுச் சாலைக்குத் திரும்பினேன். அன்றைக்கு மிச்ச மலையை இறங்கி வீடு வரும்வரை எதிர்விளக்குகள் கூசத்தான் செய்தன. கூசிவிட்டுப் போயின, அவ்வளவுதான். நான் கோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

"தெரியுதா?" என்று ஒவ்வொரு வளைவிலும் கேட்டார்.

"தெரியுது."

அடுத்த செவ்வாய் நான் கீழே வந்தபோது புகை இல்லை. அவர் முன் இருக்கையில் உட்கார்ந்து பழைய பேப்பரைக் கசக்கி, தண்ணீர் தொட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுத்தமாகிவிட்டதா என்று அவரால் பார்க்க முடியாது. அதனால் விரலால் தடவிப் பார்த்து, அந்த விரல் ரேகை படிந்த இடத்தை மறுபடியும் துடைத்தார். மூலைகளில் பழுப்பு அப்படியே இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அதுதான் அவர் வேலை.

அந்தத் தைரியத்தில்தான் நான் கண் மருத்துவமனைக்குப் போனேன். குற்றம் கண்ணாடியில்தான் என்று கண்டுபிடித்தாகிவிட்டதே, இனி பயப்பட என்ன இருக்கிறது என்று கேண்டீனிலிருந்து நேராகப் போனேன். கண்ணில் மருந்து விட்டு, இருட்டில் உட்காரவைத்து, இந்தக் கண்ணையும் அந்தக் கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். வலது கண்ணில் புரை விழத் தொடங்கியிருக்கிறதாம். ஆபரேஷனுக்கு இன்னும் காலம் இருக்கிறது, பகலில் ஓட்டலாம், இரவில் ஓட்டுவதை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த டாக்டர் பெண் சிரித்த முகமாகச் சொன்னாள். வெளிச்சம் பட்டால் சிதறுமாம். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

பட்டணத்து மையத்துக்கு மறுபடியும் போய்க் காலை முறை கேட்டிருக்கிறேன். காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை செவ்வாய், வியாழன், சனி அந்த மலைதான்.

அவரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் மெஷினை நிறுத்துகிறேன் என்பார். இல்லாவிட்டால் எனக்குத் தெரியாமல் சாம்பிராணியைத் தேடுவார், எது முதலில் என்று தெரியாது. வளைவில் வெளிச்சம் திரும்பும்போது அவர் முகம் அதன் பக்கம் போகிறது, காது என் பக்கம் இருக்கிறது. நான் வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, மூச்சைச் சத்தம் வராமல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே எடுக்கப் பழகிவிட்டேன்.

"தெரியுதா?" என்கிறார்.

"நல்லாத் தெரியுது," என்கிறேன்.